எருமைக் கொட்டிலின் பக்கத்தில்

கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைக் கொட்டில். 1860களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் மனநோயாளர் விடுதி அங்கேதான், இன்றைய தேக்காவுக்குப் பக்கத்தில், இடம் மாறி வந்தது. அதன் தொடக்கம் 1841, பிராஸ் பாசா சாலை. சிறையில் மனம் பேதலித்த கைதி ஒருவர் இன்னொருவரைக் கொன்ற பிறகே தனி விடுதி வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியது. 1887இல் சிப்பாய் லைன்ஸ், 1928இல் இயோ சூ காங் சாலை, 1993இல் புவாங்கோக் கிரீன் என்று அது நகர்ந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கென மனநல மருந்தகம் திறந்ததோ 1970இல்தான். விடுதி தொடங்கி 129 ஆண்டுகள் கழித்து. ஊருக்கு ஆபத்தானவரை அடைத்து வைக்கப் பிறந்த இடம் அது. யாரையும் அச்சுறுத்தாமல், தன்னுள் சுருங்கி மூலையில் உட்கார்ந்திருந்த குழந்தை அதன் கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை. காவலுக்குக் கட்டிய இடத்தில் கூட்டம் சேரும்; குழு உருவாகாது என்பதே என் வாதம்.

பிள்ளைகளுக்கான சிகிச்சைக் குழு எப்படி உருவாகிறது என்பதை உளப்பகுப்பாய்வு மரபினர் தட்டுத்தடுமாறித்தான் கண்டார்கள். 1934இல் நியூயார்க்கில் ஸ்லாவ்சன் பிள்ளைகளிடம் மரத்துண்டும் வண்ணமும் கருவிகளும் கொடுத்துவிட்டு, பெரியவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார். ஆனால் அது கடும் மனப்பிறழ்வுள்ள பிள்ளைகளுக்கான வழியாக இருக்கவில்லை. அவர்களுக்காக மோட் மன்னோனி 1969இல் பாரிஸுக்கு அருகே பொனெய் பள்ளியைத் தொடங்கினார். அங்குள்ள பிள்ளை கைவினைஞரின் பட்டறைக்கு வேலை கற்கப் போகும். கருவியைக் கையில் கொடுப்பவர் மருத்துவர் அல்லர், வேலை தெரிந்தவர். திரும்பி வந்தால், போன இடத்தைப் பற்றிப் பேச ஆள் இருப்பார். போவதும் வருவதும் இருந்தால்தான் ‘இங்கே’, ‘அங்கே’ என்ற பேச்சே பிறக்கும் என்று மன்னோனி கருதினார்.

இந்த உளப்பகுப்பாய்வு மரபு தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கியது என்று சொல்வார்கள். உண்மைதான். தாயைப் பழித்துப் பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் எத்தனையோ பெற்றோரை வதைத்தது. அதை மன்னிக்க முடியாது. அன்று மனப்பிறழ்வு எனப்பட்டதில் பெரும்பகுதி ஆட்டிசம் என்பதும் சரி. அமெரிக்க வகைப்பாட்டு நூலே 1980இல் இரண்டையும் பிரித்துவிட்டது. நோய் எதனால் வந்தது என்ற அந்த மரபினருடைய விளக்கத்தைத் தாராளமாகக் கைவிடலாம். பிள்ளைகளோடு இருந்த முறையை ஏன் கைவிட வேண்டும்? ஒரு குழுவுக்கு வேண்டியது அதே அறை, அதே நேரம், அதே பெரியவர்கள்: இதற்குத் தாயைப் பழிக்கும் கோட்பாடு எதுவும் தேவையில்லை. மருத்துவமனையில் இதைச் செய்ய ஆள்பற்றாக்குறை என்ற மறுப்புதான் கனமானது. மூன்று ஷிப்டுகளில் தாதியர் மாறும் வார்டில், செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அதே இருவர் வாராவாரம் வந்து உட்கார வேண்டுமென்றால், பணிப்பட்டியலை அந்த ஒரு மணி நேரத்திலிருந்து எழுதத் தொடங்க வேண்டியிருக்கும்.