தராசுக்கும் நோட்டுக்கும் நடுவுல ஒரு கை

இந்த எபிசோட் ஒரு போன் கால்ல ஆரம்பிக்குது.

போன ஆடி மாசம், ஆபீஸ் முடிஞ்சு பஸ்ல வந்துட்டிருந்தப்போ சின்னமனூர்ல இருந்து அக்கா கூப்பிட்டாங்க. என் பெரியம்மா பொண்ணு. அங்க ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்துல வேலை பார்க்குறாங்க. மண்ணு, உரம் இப்படி மாதிரிகள் வரும். எடை போட்டு, காய வெச்சு, திரும்ப எடை போட்டு ரிப்போர்ட் குடுப்பாங்க.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலைதான பாக்குற? எங்க தராசை லேப்டாப்போட சேத்துவிட முடியுமாடா?"

என்னக்கா திடீர்னு, அப்படின்னு கேட்டேன். ஒரு மகளிர் குழு தயார் பண்ண மண்புழு உரம் டெஸ்டுக்கு வந்திருக்கு. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதுல ஈரப்பதம் 15-ல இருந்து 25 சதவீதத்துக்குள்ள இருக்கணும். காய வெச்ச பிறகு தராசு காட்டினது 32.6431 கிராம். அக்கா நோட்டுல சரியாத்தான் எழுதியிருக்காங்க. எக்செல்ல ஏத்தும்போது ரெண்டு எண் இடம் மாறி 32.4631 ஆயிடுச்சு. வித்தியாசம் 0.18 கிராம்தான். ஆனா எடுத்த மாதிரியே 5 கிராம். அப்போ 0.18 கிராம்ங்கிறது 3.6 சதவீதப் புள்ளி. 23-ன்னு வர வேண்டிய ஈரப்பதம் 26.6-ன்னு போயிடுச்சு. உரம் ஃபெயில். அந்தக் குழுவோட மொத்தச் சரக்கும் திரும்பி வந்துடுச்சு.

தராசு பொய் சொல்லல. நோட்டும் பொய் சொல்லல. நடுவுல இருந்த கை தவறிடுச்சு. அந்தக் கையை எடுத்துவிட மனுஷங்க என்னென்ன பண்ணிப் பார்த்தாங்க, எடுத்த பிறகு என்ன ஆச்சு, இதுதான் இன்னைக்குக் கதை.

கல்லுல ஒரு டேட்டா லாக்

வரலாறு படிச்சவங்ககிட்ட சின்னமனூர்னு சொன்னா செப்பேடுதான் ஞாபகம் வரும். சிறியது ஒண்ணு, பெரியது ஒண்ணுன்னு பாண்டியர் காலத்துச் செப்பேடுகள் எங்க ஊர்ப் பேர்லயே இருக்கு. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் சொல்வது பெரிய சின்னமனூர்ச் செப்பேடுதான். தானத்தை ஏன் செம்புல வெட்டி வெச்சாங்க? ஓலையில எழுதினா இன்னொருத்தர் மாத்தி எழுதலாம். செம்புல வெட்டினதை மாத்தினா தெரிஞ்சிடும். எங்க பாஷையில சொன்னா, ஒரு தடவைதான் எழுத முடியும்.

சரி, எடையை இப்படிப் பதிவு பண்ண இடம் இருக்கா? இருக்கு. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவர். ராஜராஜ சோழன் தன்னுடைய 26-ஆவது ஆட்சியாண்டில், தானும் தன் அக்கா குந்தவையும் மற்றவர்களும் கொடுத்ததை எல்லாம் கல்லில் வெட்டச் சொல்லி உத்தரவு போடுகிறான். பொன் எவ்வளவு, நகை எவ்வளவு, அதில் முத்து எத்தனை, எல்லாமே கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் இருக்கு. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு கழஞ்சு இன்றைய கணக்கில் சுமார் 5 கிராம்.

எனக்கு ஆச்சரியம் அந்த எண்கள் இல்ல. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் அந்தக் கல்வெட்டுகள் சொல்லுது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்'னு பேர். நகைகளை நிறுத்த கல்லுக்கு 'தட்சிணமேரு விடங்கன்'னு பேர். ரெண்டுமே அந்தக் கோயில் இறைவனோட பேர்கள். சில நகைகளுக்கு, கோத்த நூலும் உள்ளே இருக்கும் அரக்கும் சேர்த்துத்தான் இந்த எடைன்னும் குறிப்பு இருக்கு. யார் குடுத்தது, எந்த வருஷம், எந்தக் கல், எதெல்லாம் சேர்த்து. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் எண்ணோட சேர்த்து அந்த எண்ணோட ஜாதகத்தையும் எழுதி வெச்சிருக்கார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

எடை கரண்ட் ஆன கதை

அதுக்கப்புறம் பல நூற்றாண்டு, தராசுன்னா ரெண்டு தட்டு, ஒரு முள். லாவோசியே 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்ல வேதியியலையே மாத்தினது துல்லியமான தராசுகளை வெச்சுத்தான். ஆனா முள்ளைப் பார்க்கிறதும் கண்ணு, எழுதுறதும் கை.

1945-ல் ஸ்விட்சர்லாந்தில் எர்ஹார்ட் மெட்லர் ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். ஒரே தட்டு வெச்ச ஆய்வகத் தராசு அவங்களாலதான் பரவலாச்சு. எடை போடுறது வேகமாச்சு, ஆனா கை இன்னும் நடுவுலதான். 1973-ல் அதே கம்பெனியோட பிடி1200 வந்தது. முழுக்க மின்னணு முறையில் வேலை செய்யும் துல்லியத் தராசு.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, தட்டு கீழே அமுங்கப் பார்க்கும். அடியில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் அதைப் பழைய இடத்துக்கே தள்ளும். தள்ளுறதுக்கு எவ்வளவு கரண்ட் தேவைப்பட்டதோ, அதுதான் எடை. பொருளோட பாரம் கரண்டா மாறிடுச்சு. கரண்டை எண்ணா மாத்தலாம். எண்ணை ஒயர்ல அனுப்பலாம்.

அந்த ஒயரும் அப்போ தயாரா இருந்தது. 1960-ல் அமெரிக்காவில் ஆர்எஸ்-232ன்னு ஒரு தரநிலை வந்தது. தந்தி எழுத்து இயந்திரத்தையும் மோடத்தையும் இணைக்க வகுத்தது. தராசை யாரும் மனசுல வெச்சுப் பண்ணல. ஆனா ரொம்ப எளிமை: ஒரு கம்பியில போகும், ஒரு கம்பியில வரும், எழுத்து எழுத்தா. அதனால ஆய்வகத் தராசுகளுக்குப் பின்னாடி அந்த போர்ட் வந்து உட்கார்ந்தது. 9 ஊசி இருக்குமே, ஐபிஎம் 1984-ல் விட்ட பிசி-ஏடியோட பிரபலமான வடிவம், இன்னைக்கும் நிறைய தராசுல அதுதான்.

ஆடிக் காத்தும் என் கோடும்

வெள்ளிக்கிழமை நைட் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். லேப்டாப்ல அந்த போர்ட் கிடையாது, யுஎஸ்பி மாத்திக் கேபிள் வாங்கிட்டுப் போனேன். சொருகினா திரையில வெறும் கிறுக்கல். தராசு விநாடிக்கு 2400 பிட் வேகத்துல பேசுது, நான் 9600-ல கேட்டுட்டிருக்கேன். ஒருத்தர் நிதானமா பேச, இன்னொருத்தர் அவசரமா கேட்டா எப்படிப் புரியும்? அதைச் சரி பண்ணினதும் வரிகள் வர ஆரம்பிச்சுது.

தராசு வெறும் எண்ணை மட்டும் அனுப்பாது. மெட்லர் வகைத் தராசுகள்ல 'எஸ்ஐ'னு கேட்டா, பதில் 'எஸ் எஸ்'னு ஆரம்பிக்கலாம், 'எஸ் டி'ன்னும் ஆரம்பிக்கலாம். ரெண்டாவது எழுத்து எஸ்னா எடை நிலையா நிக்குது. டின்னா இன்னும் ஆடுது. "இது என் முடிவு இல்ல, இன்னும் யோசிக்கிறேன்"னு தராசே சொல்லிடுது.

எங்க ஊர்ல அது ரொம்ப யோசிக்கும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்வாங்க. கம்பம் பள்ளத்தாக்குல தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல ஒரு கிராம்ல பத்தாயிரத்துல ஒரு பங்கை அளக்கிற தராசுக்கு என்ன ஆகும்? ஜன்னல் லேசாத் திறந்திருந்தாலே கடைசி எண் குதிக்குது. கண்ணாடிக் கதவு மூடித்தான் இருக்கு, இருந்தாலும்.

நான் புத்திசாலித்தனமா ஒரு வேலை பண்ணேன். 'டி' வந்தா அந்த வரியைத் தூக்கிப் போடு, திரும்பக் கேளு, 'எஸ்' வந்தா சேமி. அதே மாதிரியைத் திரும்ப எடை போட்டா பழசு மேல புதுசை எழுது. அழகா, சுத்தமா ஒரு அட்டவணை. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அக்காகிட்ட காட்டினேன்.

"இந்தக் கிண்ணத்தை நான் நாலு தடவை வெச்சேன்டா. இதுல ஒண்ணுதான இருக்கு? மத்த மூணு எங்க?"

"அது குப்பை டேட்டாக்கா. க்ளீன் பண்ணிட்டேன்."

அக்கா நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினாங்க. தப்பா எழுதின எண் மேல ஒரே ஒரு கோடு. பக்கத்துல சரியான எண், கையெழுத்து, தேதி. "நாங்க வொயிட்னர் போடக் கூடாது. அடிச்சது படிக்கிற மாதிரி இருக்கணும். ஏன் அடிச்சோம்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா பதில் சொல்லணும். உன் புரோகிராம் கோடே போடாம அழிச்சிருக்கு."

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. கையை எடுக்கிறேன்னு வந்தேன். என் கையை உள்ள வெச்சுட்டேன். அக்கா கை தப்பு பண்ணா நோட்டுல தெரியும். என் கை பண்ணது யாருக்குமே தெரியாது.

அழிக்கப்பட்ட எண்களோட விலை

இது சின்ன விஷயம் இல்ல. 1970-கள்ல அமெரிக்காவுல இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட்னு ஒரு பெரிய பரிசோதனை நிறுவனம் இருந்தது. மருந்து, பூச்சிக்கொல்லி எல்லாம் பாதுகாப்பானதான்னு எலிகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணி அறிக்கை குடுப்பாங்க. 1976-ல் அதிகாரிகள் உள்ள போய்ப் பார்த்தப்போ, பல ஆராய்ச்சிகளில் மூலத் தரவே சரியில்லைன்னு வெளிய வந்தது. 1983-ல் அந்த நிறுவனத்தோட அதிகாரிகள் மூணு பேர் குற்றவாளிகள்னு தீர்ப்பு வந்தது. இந்த மாதிரி விவகாரங்களாலதான் 1978-ல் அமெரிக்கா 'நல்ல ஆய்வக நடைமுறை'ன்னு விதிகளையே கொண்டு வந்தது. அடிச்சது படிக்கிற மாதிரி இருக்கணும்னு அக்கா சொன்ன அந்த ஒழுக்கம், அந்த விதிகள்ல எழுத்துலயே இருக்கு.

1997-ல் அமெரிக்கா மின்னணுப் பதிவுகளுக்கும் தனி விதி போட்டது. கம்ப்யூட்டர்ல யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு தடம் இருக்கணும். இந்தியாவில் நல்ல ஆய்வக நடைமுறையைக் கண்காணிக்க 2002-ல் ஒரு தேசிய அமைப்பு வந்தது. இதெல்லாம் வந்த பிறகும் 2013-ல் ரான்பாக்ஸி மருந்து நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. தரவு பற்றிப் பொய்யான அறிக்கை குடுத்ததும் அந்தக் குற்றச்சாட்டுகள்ல ஒண்ணு. அங்கயும் கருவி இருந்தது, கேபிள் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது.

அன்னைக்கு நைட்டு கோடை மாத்தினேன். இப்போ எதையும் அழிக்காது, கீழ கீழ சேர்க்க மட்டும்தான் செய்யும். ஆடின எடையும் இருக்கும், 'ஆடிச்சு'ங்கிற குறிப்போட. ஒவ்வொரு வரியிலயும் நேரம், யார் வெச்சது, எந்தத் தராசு, காலையில சோதனைக்கல் வெச்சுப் பார்த்தப்போ எவ்வளவு காட்டிச்சு, கிண்ணம் சேர்த்தா சேர்க்காமலா. தலைப்பு வரிசையை எழுதி முடிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு. தஞ்சாவூர்ச் சுவர்ல இருக்கிற அதே பட்டியல். யார், எப்போ, எந்தக் கல், எதெல்லாம் சேர்த்து.

கேபிள் எந்தப் பக்கம்?

கிளம்புற அன்னைக்குக் காலையில பெரியம்மாவோட ரேஷன் கடைக்குப் போனேன். அங்கயும் இதே கதை. 2021-ல் மத்திய அரசு உணவுப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, எலக்ட்ரானிக் தராசை பில் மிஷினோட இணைக்கச் சொல்லி ஊக்கம் குடுத்தது. தமிழ்நாட்டுக் கடைகள்லயும் இப்போ ப்ளூடூத்ல இணைக்கிறாங்க. சரியான எடை தட்டுல உட்கார்ந்தாதான் பில் வரும்.

பெரியம்மாவுக்குச் சந்தோஷம். "முன்னெல்லாம் சீட்டுல 20, பையில 18. இப்ப அந்தப் பேச்சே இல்ல." நியாயமான சந்தோஷம்.

வரிசை மட்டும் நகரவே இல்ல. எடை போடுறவர் ஒரு பிடி அரிசி போடுறார், எடுக்கிறார், திரும்பப் போடுறார். இந்த நேரப் பிரச்சினையை ரேஷன் ஊழியர்கள் மாநிலம் முழுக்கச் சொல்லிட்டிருக்காங்க. அவங்க சொல்ற இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வெச்சது. கிடங்குல இருந்து வர்ற மூட்டைகள்லயே எடை குறையுது, அங்கயும் இதே மாதிரி எடை போட்டுக் குடுங்கன்னு கேட்குறாங்க.

கேபிளை எங்க சொருகுறோம்ங்கிறது ஒரு முடிவு. கடைசியில அரிசி அள்ளிப் போடுறவர் கைக்குத் தடம் இருக்கு. அவருக்கு மேல இருக்கிற கைகளுக்கும் இருக்கணும்னு அவர் கேட்கிறது நியாயம்தானே? எங்க அக்கா கதையிலயும் அதான் நடந்தது. ரெண்டு எண் மாத்தி டைப் பண்ண அவங்க பதில் சொன்னாங்க. மூணு எடையை அழிச்ச என்னை அவங்க கேட்காம இருந்திருந்தா, யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

அந்த மகளிர் குழுவோட உரத்துக்குத் திருத்தின ரிப்போர்ட் போயிடுச்சு. பழைய ரிப்போர்ட்டும் ஃபைல்ல இருக்கு, மேல ஒரு கோடோட.

உங்க ஊர் ரேஷன் கடை, பால் சொசைட்டி, நகைக்கடை, எங்கயாவது தராசு கம்ப்யூட்டரோட பேசுறதைப் பார்த்தா, எண் எங்க போகுது, அதை யாரால மாத்த முடியும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.