புறவூருக்குப் போன வாய்க்கால்
பழைய தமிழ்க் கிராமம் என்றதும், அக்கம்பக்கத்து ஊர்களை எதற்கும் எதிர்பாராமல் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்ட குட்டிக் குடியரசு ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறோம். 1830இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் மெட்காஃப் வடஇந்திய ஊர்களை மனத்தில் வைத்து எழுதிய குறிப்பு இந்தச் சித்திரத்தைப் பரப்பியது. சோழநாட்டுக்கு அது பொருந்தாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளே அதற்குச் சான்று.

முதலாம் ராஜராஜன் அக்கோயிலுக்கு வரி வருவாயை விட்டுக்கொடுத்த ஊர்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே முறையில் கணக்கு எழுதப்பட்டது. அளந்த மொத்த நிலம், அதில் வரியில்லாத இறையிலியாகக் கழிந்தது, மீதிக்குச் செலுத்த வேண்டிய நெல். நமக்கு வேண்டியது நடுவில் வரும் கழிவுப் பட்டியல்தான். ஊர்நத்தம், கோயில், குளம், கம்மாளர் வாழ்ந்த கம்மாணசேரி, பறைச்சேரி, சில ஊர்களில் கள்ளிறக்குவோரின் ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, சுடுகாடு, சிலவற்றில் பறையருக்கெனத் தனிச் சுடுகாடு. வேலி என்ற நில அளவை நம்ப முடியாத அளவுக்கு நுண்ணிய பின்னங்களாகக் கூறுபோட்ட கணக்கர்கள் இந்தக் குடியிருப்புகளை ஒன்றாகச் சேர்த்து எழுதவில்லை. செத்த பிறகும் சேராத மனிதர்களின் ஊரை ஒரே சமூகமாகக் காண்பது கடினம். அதே பட்டியலில், ஊரை ஊடறுத்துப் புறவூர்களுக்கு நீர் கொண்டுபோன வாய்க்கால்களும் வருகின்றன. உள்ளே பிரிந்து கிடந்த ஊர், தண்ணீருக்காக வெளியே அடுத்த ஊரோடு பிணைந்திருந்தது. தனக்குத் தானே போதும் என்றிருந்த கிராமத்தில் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

சேரிக்கும் இறையிலி கிடைத்ததே, அது சலுகையல்லவா என்று கேட்கலாம். அதே வரிசையில் குளமும் சுடுகாடும் நிற்கின்றன. நெல் விளையாத இடத்துக்கு நெல்வரி இல்லை, அவ்வளவே. தன்னைத் தானே ஆண்டுகொண்ட ஊர் என்று உத்திரமேரூரைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட, சபையின் வாரியங்களுக்குக் குடத்தில் ஓலையிட்டு ஆள் தேர்ந்த அதன் குடவோலை விதிகள் உண்மையிலேயே வியப்புக்குரியவை. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிவைத்த கண்டிப்பு இன்றைக்கும் ஏக்கம் தரக்கூடியது. ஆனால் அது பிரமதேயம், அதாவது பிராமணருக்குக் கொடுக்கப்பட்ட ஊர். பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போகும். சேரிக்காரர் பெயர் போகாது. அந்தச் சபையை எல்லா ஊர்களுக்கும் மாதிரியாக்குவதும் தவறு. திருச்சி வட்டாரத்து அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஒப்பிட்ட வரலாற்றாய்வாளர் நொபோரு கராஷிமா, பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் கைகளில் இருந்ததையும், வேளாளர் ஊரான அல்லூரில் அது ஊர்ப்பொதுவாக இருந்ததையும் எடுத்துக்காட்டினார்.