பெயரற்ற நோயும் கண்ணாடிச் சில்லின் சாட்சியமும்

1911ஆம் ஆண்டு அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஃபிராங்க் மாலரி, குடிப்பழக்கமுடையோரின் கல்லீரல் செல்களுக்குள் கயிறு போல் திரண்டு கிடந்த பொருளொன்றை விவரித்தார். அதனோடு கொழுப்புத் துளிகளும் ஊதிய செல்களும் அழற்சியும் சேர்ந்து தெரிந்தால் காரணம் மதுவே என்று வாசிப்பது பின்னர் மரபாயிற்று. குடித்ததே இல்லை என்று நோயாளி கூறினாலும், அச்சொல்லை நம்ப மருத்துவர் பலர் தயங்கினர்.

1980இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் குழு இத்தயக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. மதுவைக் காரணமாகக் கொள்ள இடமில்லாத 20 நோயாளிகளின் திசுக்கூறுகளிலும் அதே தடயங்கள் இருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் உடற்பருமன் கொண்டவர்கள், பெண்களே மிகுதி. திசு சேதத்தைக் காட்டும்; காரணத்தைத் தானாகக் காட்டாது என்பது புலனாயிற்று. எனினும் நோய்க்கு வாய்த்த 'மதுசாராக் கொழுப்புக் கல்லீரல் அழற்சி' என்ற பெயர், அது எதுவன்று என்பதையே சொன்னது. பழைய ஐயத்தின் நிழல் பெயரிலேயே தங்கிவிட்டது.

வாசிப்பை நெறிப்படுத்த 2005இல் டேவிட் கிளைனர் குழு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது: கொழுப்புக்கு 3, அழற்சிக்கு 3, செல் ஊதலுக்கு 2, ஆக உச்சம் 8. தழும்பு தனியாக 0 முதல் 4 வரை அளக்கப்பட்டது. தழும்பில் வாசிப்பாளர்கள் பெரிதும் ஒத்துப்போயினர். அழற்சியிலும் ஊதலிலும் அவ்வளவு ஒற்றுமை இல்லை. அதே ஆண்டு வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 51 பேரிடம் இரண்டிரண்டு திசுத்துண்டுகள் எடுக்கப்பட்டன. 18 விழுக்காட்டினருக்கு ஒரு துண்டில் தெரிந்த செல் ஊதல் மறுதுண்டில் இல்லை. ஊசியில் வரும் துண்டு கல்லீரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கே என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

பருமனானவரின் நோய் என்ற எண்ணத்தை இந்தியத் தரவு அசைத்தது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டச் சிற்றூர்களில் 1,911 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, 8.7 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. அவர்களுள் முக்கால்வாசிப் பேரின் உடல்நிறைக் குறியீடு 25க்கும் கீழ். வயலில் உழைக்கும் மெலிந்த உடலை முதல் பார்வையிலேயே விலக்கிவிட்டால், ஊசி அவரிடம் செல்லவே செல்லாது. வாசிக்கச் சில்லும் இராது.

2023இல் பன்னாட்டு வல்லுநர்கள் 'மதுசாரா' என்ற அடையை நீக்கி, வளர்சிதை மாற்றக் குறைபாட்டைப் பெயருக்குள் கொண்டுவந்தனர். ஆசியர்க்கு உடல்நிறைக் குறியீட்டின் வரம்பு 25 அன்று, 23 எனவும் வகுத்தனர். மாலரி கண்ட தடயங்கள் இன்றும் அவையே. அவற்றை வைத்து யாரை ஐயுறுவது, யாரைத் தேடுவது என்பதே மாறியிருக்கிறது.