வடக்கத்தி என்றால் எந்த வடக்கு?

1969ஆம் ஆண்டு உயர்தர வகுப்புப் படிப்பதற்காக ராகலையிலிருந்து யாழ்ப்பாணம் போயிருந்தேன். முதல் வாரம் அது. நான் தங்கியிருந்த வீட்டுக்கு, அயல்வீட்டு அம்மா ஒருவர் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி வடக்கத்தி ஆளே?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "இல்லீங்கம்மா, நமக்குத் தெற்கு. நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம் ராகலை" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பழத்தில் இரண்டு எனக்கும் கிடைத்தது.

மலைநாட்டில் வளர்ந்தவனுக்கு வடக்கு என்றால் யாழ்ப்பாணந்தான். வடக்கிலேயே வந்து நிற்கும் என்னை வடக்கத்தி என்கிறார்களே, இந்த அம்மாவுக்குத் திசை தெரியாதோ என்றுதான் நினைத்தேன். அன்றிரவு என்னோடு அறையில் தங்கியிருந்த மாணவன், மாத்தளைப் பக்கத்துப் பையன், விளக்கை அணைத்த பிறகு மெதுவாகச் சொன்னான். யாழ்ப்பாணத்துக்கும் வடக்கே ஒரு கடல் இருக்கிறது, அதற்கும் வடக்கே இந்தியா இருக்கிறது. அங்கிருந்து வந்தவன் வடக்கத்தியான். கடல் கடந்து கொண்டுவந்த மாட்டையும் வடக்கன் என்றுதான் சொல்வார்கள். "நீ சிரிச்சியாமே?" என்று கேட்டான். இருட்டில் அவன் முகம் தெரியாதது நல்லதாயிற்று.

தோட்டக்காட்டான் என்று ஒருவன் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் எனக்கு உடனே உறைத்திருக்கும். அந்தச் சொல்லின் முகத்திலேயே அதன் குணம் எழுதியிருக்கிறது. வடக்கத்தி என்பது வெறும் திசை. யாரும் ஏசவில்லை, அந்த அம்மா அன்பாகத்தான் பழம் தந்தார். இழிவு சொல்லுக்குள் இருக்கவில்லை, அந்த இரண்டு பேர் பரிமாறிக்கொண்ட பார்வைக்குள் இருந்தது. இத்தகைய சொற்களை நம்மவர்கள் எப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அதற்கும் ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1963இல், நான் பன்னிரண்டு வயதுப் பையன். ஏதோ ஒரு பத்திரம் எடுப்பதற்காக அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போனார். அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பெரட்டிலே சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, கோட்டும் போட்டு வந்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அப்போது சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. அந்த நீளமான வசனத்தில் எனக்கு விளங்கிய ஒரே சொல், ஒரு தமிழ்ச் சொல்.

கள்ளத்தோணி.

நம்மை இழிக்க வேறொரு மொழிக்காரருக்கு நம்முடைய பாஷையிலேயே சொல் கிடைத்திருந்தது. அப்பா ஒன்றும் கேட்காதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "சரிங்க ஐயா, அடுத்த கிழமை வாறேன்" என்றார். வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் கேட்டேன். அவர் காம்பராவின் மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் முடிந்து வைத்திருந்த ஒரு வட்டத் தகரத்தை எடுத்துக் காட்டினார். தோட்டத்தின் குறியும் ஆளின் இலக்கமும் பொறித்தது. "நா எங்கடா தோணியில வந்தேன்? கப்பல்ல வந்தேன். கழுத்துல நம்பரு கட்டித்தான் எறக்குனான் வெள்ளக்காரன்" என்றார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது இந்தத் தகரத்துண்டு முறை. தகரத்தைப் பார்த்தால் போதும், ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும், பயணச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். தாத்தா 1908இல் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கியவர். நானுஓயா வரை பெரிய கோச்சி, அதற்கப்பால் ராகலைக்குச் சின்னக் கோச்சி. இன்று ராகலையில் அந்தச் சின்னக் கோச்சியின் பெயரைச் சொன்னால் இளைஞர்கள் நம்புவதில்லை. 1904இல் ராகலைக்கு வந்த அந்த ஒடுங்கிய பாதை, 1940களில் கைவிடப்பட்டது. தேயிலைப் பெட்டிக்கு இருந்தது போலவே மனிதனுக்கும் குறியும் இலக்கமும் பதிவும் இருந்தன. இலங்கைக்கு வந்தவர்களுள் இவ்வளவு கணக்காக எண்ணி இறக்கப்பட்டவர்கள் வேறு யாரும் இருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

கள்ளத்தோணி என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் நேரான பொருள் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அனுமதியின்றித் தோணியேறி வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தடுக்க 1952இல் இராணுவம் கரையோரக் காவலில் இறங்கியது. 1963இல் அதற்கென்றே தனிப்படை அமைக்கப்பட்டது, அது 1981 வரை நீடித்தது. ஆனால் கரையில் பிறந்த சொல் மலையேறி, மூன்று தலைமுறையாகக் கொழுந்தெடுத்தவர்களின் லயத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதற்குக் காரணம் தோணியல்ல, சட்டம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். என் அப்பா ராகலையிலேயே பிறந்தவர். தாத்தா இங்கே பிறக்கவில்லை, ஆகையால் அப்பா பிரஜை இல்லை, அப்பா பிரஜை இல்லாததால் நானும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்தது. மற்றவர்கள் நாடற்றவர்கள். நாடற்றவனைக் கள்ளத்தோணி என்பதற்குத் தனியாக ஆதாரம் தேவைப்படவில்லை. மேசைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஏசியதாகச் சின்ன வயதில் நினைத்தேன். சட்டப் புத்தகத்தில் நீட்டி எழுதியதை அவர் ஒரே சொல்லில் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது.

உரத்துச் சொல்லும் சொற்களைக் காது பிடித்துவிடும். மரியாதையாகச் சொல்லும் சொற்கள் விளங்குவதற்குத்தான் நாட்செல்லும். 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா இந்தப் பக்கம், சித்தப்பா அந்தப் பக்கம். சித்தப்பாவுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". ராகலையில் பிறந்து, ராகலையைத் தாண்டிக் கண்டியைக்கூட நாலைந்து முறைதான் பார்த்த மனிதர், பார்த்தேயிராத ஊருக்குத் "திரும்பினார்". கேட்பதற்கு எத்தனை இனிமையான சொல்! நீலகிரியிலிருந்து அவர் எழுதிய முதற் கடிதத்தில், இங்கே எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. அப்பா அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் தாண்டிப் போனார்.

இந்தப் பக்கம் நின்றவர்களுக்குக் கிடைத்தது "பதிவுப் பிரஜை". வம்சாவழிப் பிரஜை வேறு, பதிவுப் பிரஜை வேறு. வேலைக்கு விண்ணப்பித்தால், "பதிவா, வம்சாவழியா?" என்று கேட்பார்கள். கேட்பவர் குரலில் வெறுப்பு இராது, பாரத்தில் உள்ள கேள்வி அது. பதிவு என்றதும் பேனா சற்று நிற்கும். அந்த அரை விநாடியில் நாங்கள் கற்றுக்கொண்டதை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, எவ்வழியில் பெற்றாலும் எல்லோரும் இலங்கைப் பிரஜை என்றே குறிக்கப்பட வேண்டும் என்று எழுதியது. கேள்வி அதற்குப் பிறகு, "தகப்பனார் பிறந்த இடம் எது?" என்று மாறிக்கொண்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கூலி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்பின் பயனைச் சொல்ல வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் எடுத்தாண்ட சொல் அது. வெள்ளைக்காரன் வாயில் ஏறி, சம்பளத்தின் பெயர் மனிதனின் பெயராகி, உலகம் சுற்றி ஏச்சாகத் திரும்பி வந்தது. தென்னாபிரிக்காவில் தமிழர் பெயர்களின் கடைசியிலுள்ள "சாமி"யைப் பிடித்துக்கொண்டு, வெள்ளையர்கள் இந்தியரையெல்லாம் சாமி என்று இளக்காரமாக அழைத்ததைக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதுகிறார். சாமி என்றால் எசமான், நான் உமக்கு எசமான் இல்லையே என்று சாமர்த்தியசாலிகள் திருப்பிக் கொடுப்பார்களாம். மலாயாவிலும் இங்கேயும் துரைமாருக்குத் தமிழன் எல்லோரும் ராமசாமி. மலாய் மொழியில் கிளிங் என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பர். பினாங்கிலே பழைய பள்ளிவாசல் ஒன்றின் பெயரில் அது கௌரவமாக நிற்கிறது, தெருவிலே சொன்னால் சண்டை வரும்.

அகராதியைப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. சித்தப்பா ஒரு வழி சொல்வார்: ஒரு சொல்லைச் சொன்னதும் யார் சிரிக்கிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார். பேசாமல் இருக்கிறவனைத்தான் அந்தச் சொல் தேடி வந்திருக்கிறது.

அவர் சொன்ன அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தோட்டத்தைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமத்தை நாங்கள் "நாடு" என்போம். அங்குள்ளவர் "நாட்டான்". என் அம்மா சொல்வார், நான் சொல்லியிருக்கிறேன். அதில் ஓர் இளக்காரம் இருந்தது, பயமும் இருந்தது, இரண்டையும் பிரித்தறிய எனக்கு வயது ஐம்பது ஆக வேண்டியிருந்தது.

2003ஆம் ஆண்டு, எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்த சமயம். ராகலை பஸ் நிலையத்தில், மரக்கறி மூட்டையோடு நின்ற ஒரு சிங்கள நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். வலப்பனைப் பக்கத்துக் கிராமத்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். திடீரென்று, "மாஸ்டர், ஒங்க ஆளுங்க எங்களை நாட்டான் நாட்டான்னு சொல்றாங்களே, அது ஏச்சா?" என்று கேட்டார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "ஏச்சு ஒண்ணும் இல்லீங்க. நாட்டைச் சேர்ந்தவர்னு அர்த்தம்" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "அப்ப நீங்க?" என்றார்.

ஹல்கரனோயா பஸ் வந்து நின்றது. அவர் மூட்டையை மேலே ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன்.