காணாமல் போன பக்கமும் மாவட்டம் மாறிய ஊரும்

எங்க வீட்டு இரும்புப் பெட்டியில் நாலு பத்திரங்கள் இருக்கின்றன. நாலும் தாராபுரத்தில் இருக்கிற ஒரே தோட்டத்துக்கானவை. 1968 பத்திரத்தில் தோட்டம் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1983இல் பெரியார் மாவட்டம். 2003இல் ஈரோடு மாவட்டம். 2012இல் திருப்பூர் மாவட்டம். தோட்டம் ஒரு அடிகூட நகரவில்லை. அமராவதியும் அங்கேயேதான் ஓடுது. முகவரி மட்டும் மாறிக்கிட்டே இருக்கு.

இந்த ஊருக்கு இது புதுசில்லை. 1799இல் திப்பு வீழ்ந்து கொங்கு கம்பெனி கைக்குப் போனபோது, நிர்வாகத்தை இரண்டாகப் பிரித்து பவானியையும் தாராபுரத்தையும் தலைமையிடங்களாக வைத்தார்கள். 1804இல் இரண்டையும் சேர்த்து கோயமுத்தூரைத் தலைநகர் ஆக்கினார்கள். 1979இல் பெரியார் மாவட்டம் பிரிந்தது. அதுதான் பின்னால் ஈரோடு ஆனது. 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் வந்தது. ஆகவே, நூறு வருஷத்துக்கு முந்தைய தாராபுரத்தை 'திருப்பூர் மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. பழைய கோயமுத்தூர் கெஸட்டியரில் தேடினால் கிடைக்கும்.

போன வருஷம் அக்கா ஒரு வேலை சொன்னாள். "கண்ணு, அப்பா இன்டர்நெட்டுல எழுதி வெச்சது எங்கியாச்சும் இருக்குதா பாரு." பெரியப்பா வாத்தியார். 2002 வாக்கில், விடிகாலை பஸ் பிடித்துத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்வந்தவர்களிடம் பேசி, ஒரு இலவசத் தளத்தில் எழுதிவந்தார். அவர் இப்போது இல்லை. முகவரியைத் தட்டினேன். 404.

404 என்றால் கேட்ட முகவரியில் சர்வரிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அழிஞ்சு போச்சா, இடம் மாறிச்சா என்று அது சொல்லாது. நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்ல 301 இருக்கிறது. போனது போனதுதான் என்று சொல்ல 410 இருக்கிறது. அதையெல்லாம் போட்டுவைக்கப் பலரும் மெனக்கெடுவதில்லை. நல்ல முகவரிகள் மாறக்கூடாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவிட்டார். யார் கேட்டோம்? 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் 2023 அக்டோபரில் கிடைக்கவில்லை என்கிறது ப்யூ ஆய்வு மையம். ஒரு காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ மூடியது 2009 அக்டோபரில். திருப்பூர் மாவட்டம் பிறந்த அதே வருஷம்.

முதலில் முகவரியின் வாலை வெட்டிப் பார்த்தேன். சில சமயம் கடைசித் துண்டு போனாலும் முகப்பு உயிரோடு இருக்கும். இல்லை. பக்கத்தின் ஒரு வரி ஞாபகம் இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடலாம். வேறு யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள். அதுவும் இல்லை. கடைசியாக இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின். 1996 முதல் வலையைப் பிரதியெடுத்து வைக்கிறார்கள். 2001இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அங்கே பழைய முகவரியைக் கொடுத்துக் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அதன் கீழே சேமித்த பக்கங்கள் எல்லாம் வரிசையாக வரும்.

பெரியப்பாவின் பதினோரு பக்கங்களில் ஏழு வந்தன. ஆனால் வாசிக்க முடியலை. தமிழுக்குப் பதிலா மேலே கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். அது யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய காலத்துத் திஸ்கி. மாற்றியில் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. கண்ணுக்குப் படாத பக்கம் மட்டுமல்ல, கண்முன் இருந்தும் வாசிக்க முடியாத பக்கமும் காணாமல் போனதுதான். படங்கள் ஒன்றுகூட இல்லை. பேசியவர்களின் முகங்கள் போயே போச்சு.

இந்த ஏழும் கிடைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். பெரியப்பா தன் டைரியின் கடைசிப் பக்கத்தில் முழு முகவரியையும் எழுதி வைத்திருந்தார். காப்பகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பழைய முகவரி தெரியாதவனுக்கு அங்கே கதவு திறப்பது கஷ்டம்.

உங்களுக்குப் பிடித்த கட்டுரையை இன்றே வேபேக்கில் சேமித்து, முகவரியை எங்காவது எழுதி வையுங்கள். தளத்தை மாற்றினால் பழைய வாசலில் ஒரு 301 வையுங்கள். ஏழு பக்கங்களையும் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். மீதி நாலு எங்கே என்று கேட்டாள். தேடிக்கிட்டிருக்கேன்.