அமுக்குவான் பேயின் சரித்திரம்

2003. வேளச்சேரியில் நாலு பேர் தங்கியிருந்த ரூம். நைட் ஷிப்ட் முடித்து வந்து விடிகாலையில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் விழிப்பு வந்துவிட்டது. ஃபேன் சுற்றுவது தெரிகிறது, தெருவில் பால்காரர் சைக்கிள் மணி கேட்கிறது. ஆனால் கை கால் அசையவில்லை. கத்தப் பார்த்தால் குரல் வரவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிற பாரம். கால்மாட்டில் கறுப்பாக ஒரு உருவம். ஒரு நிமிஷம் இருந்திருக்கும், சட்டென்று விட்டுவிட்டது.

அந்த மாதம் மட்டும் நாலு தடவை. ஊருக்குப் போனபோது பாட்டியிடம் சொன்னேன். அவள் அசரவே இல்லை. "அது அமுக்குவான் பேய்டா. தலைமாட்டுல ஒரு இரும்பை வெச்சுட்டுப் படு"ன்னு சொல்லிட்டு வெத்தலை இடிக்க ஆரம்பிச்சுட்டா. எனக்குப் பேய் பயம் இல்லை. புத்தி பேதலிக்கிறதோ என்றுதான் பயம். இல்லாததைப் பார்க்கிறவன் என்று ஆபீசில் தெரிந்தால்? வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை, இரண்டு வருஷம்.

அப்புறம் தேடித் தேடிப் படித்ததன் சுருக்கம் இது. நான் பொறியாளன், மருத்துவன் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1664இல் நெதர்லாந்து மருத்துவர் இஸ்பிராண்ட் வான் டீமர்புரூக் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐம்பது வயது, திடகாத்திரமான பெண். இரவில் தூங்கப்போகும் நேரத்தில் சாத்தான் தன்மேல் படுத்து அமுக்குவதாகச் சொல்கிறாள். சில நாள் அது பெரிய நாய், சில நாள் திருடன். உடம்பை அசைக்க முடிவதில்லை. டீமர்புரூக் பேயோட்டியைத் தேடாமல் உடம்புக்குள் காரணம் தேடினார். அவர் கண்டுபிடித்த காரணம் இன்றைக்குச் செல்லாது. ஆனால் தேடிய திசை சரி.

1781இல் ஹென்றி ஃபியூசெலி வரைந்த புகழ்பெற்ற ஓவியத்திலும் இதே காட்சிதான். மல்லாந்து கிடக்கும் பெண், அவள் மார்மேல் குந்தியிருக்கும் குட்டிப் பிசாசு. 1928இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் இதற்கு 'ஸ்லீப் பராலிசிஸ்' என்று பெயர் வைத்தார். தமிழில் தூக்க வாதம் எனலாம்.

பெயர் கிடைத்தது, காரணம்? 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அலையும் ஒரு தூக்க நிலையைக் கண்டார்கள். கனவுகள் அதிகம் வருவது அப்போதுதான். பிரான்சின் லியோனில் மிஷேல் ஜூவே பூனைகளை ஆராய்ந்து, அந்த நிலையில் உடம்புத் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடுவதை 1959இல் காட்டினார். கனவில் ஓடுகிறவன் நிஜத்தில் எழுந்து ஓடாமல் இருக்க மூளைத்தண்டு போடும் பூட்டு அது.

சில சமயம் விழிப்பு வந்துவிடும், பூட்டு திறந்திருக்காது. எங்கள் பாஷையில் சொன்னால் லாக் ரிலீஸ் ஆகவில்லை. உதரவிதானம் வேலை செய்வதால் மூச்சு நிற்காது. ஆனால் நாமாக ஆழ இழுக்க முடியாததால் நெஞ்சில் பாரம். கனவு மிச்சம் இருப்பதால் உருவம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். நியூஃபவுண்ட்லாந்தில் இது கிழட்டுச் சூனியக்காரி, ஜப்பானில் கனாஷிபாரி, நம்மூரில் அமுக்குவான். கதை கேட்டுப் பயந்ததால் வரும் கற்பனை என்றுதான் படித்தவர்கள் நினைத்தார்கள். நாட்டாரியல் ஆய்வாளர் டேவிட் ஹஃபர்ட் 1982இல் வெளியிட்ட நூலில் அதைத் திருப்பிப் போட்டார். அந்தக் கதைகளைக் கேட்டே இராதவர்களும் அதே அனுபவத்தைச் சொன்னார்கள். அனுபவம் முதலில், கதை அப்புறம்.

அப்படிப் பார்த்தால் பாட்டி கொடுத்த பக் ரிப்போர்ட் நூற்றுக்கு நூறு சரி. ரூட் காஸ் மட்டும்தான் தப்பு. நான் படித்த படிப்பு 'பைத்தியம்' என்று போட்ட ரூட் காஸ் அதைவிடத் தப்பு.

2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி சுமார் 8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. மாணவர்களில் 28 சதவீதம். தூக்கம் கெடுவதும் மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் சொக்கினாலோ டாக்டரைப் பாருங்கள்.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா பையன் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினான். "மாமா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. அம்மாட்ட சொல்லிடாதீங்க." முழுக்கக் கேட்டுவிட்டு, கால்மாட்டில் நின்றது என்ன நிறம் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்களுக்கும் வந்திருக்கா மாமா?" என்றான்.