கொடுத்தது கடனா, கொடையா, பங்கா? வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் தரும் பொருளுதவி குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

தமிழ்நாட்டில் 18 வயது நிறைந்த பிள்ளைக்கு வாக்குரிமை வந்துவிடுகிறது. பெற்றோரின் செலவு அதோடு நிற்பதில்லை. கல்லூரிக் கட்டணம், போட்டித் தேர்வுப் பயிற்சி, நகை, சீர், தலைப்பிரசவம், மனைக்கு முன்பணம், பேரனின் எல்.கே.ஜி. கட்டணம் என்று பிள்ளைக்கு நாற்பது வயதாகும்வரைகூட அது நீள்கிறது. இதில் எவ்வளவு கொடுக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பது இக்கட்டுரையின் கேள்வி.

மாதச் சம்பளத்திலோ சிறுதொழிலிலோ ஒரு வீட்டையும் கொஞ்சம் சேமிப்பையும் தேடிக்கொண்ட குடும்பங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கோடீஸ்வரர்களுக்கு இது ஆடிட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை. அன்றாடங்காய்ச்சிகளின் வீட்டிலோ பிள்ளைகள்தான் சின்ன வயதிலேயே சம்பாதித்துப் பெற்றோரிடம் கொடுக்கிறார்கள்.

குடும்பங்களுக்குள் தொகையைப் பற்றி எழும் சண்டையைவிட, அந்தத் தொகைக்கு என்ன பெயர் என்பதைப் பற்றி எழும் சண்டையே கசப்பானது. அப்பா கடனாக நினைத்துக் கொடுத்ததை மகன் தன் பங்கின் முன்தவணை என்று எடுத்துக்கொள்கிறான். அம்மா பாசத்தில் கொடுத்ததை மருமகள் கடமை என்கிறாள். அப்பா காலமான பிறகு மகள் அதையே ஓரவஞ்சனை என்கிறாள். ஆகவே ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு விடை தேட, கொடுக்கும்போதே அதற்குப் பெயர் வைக்க வேண்டும். கொடுத்த பிறகு பெற்றோர் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் பேசப்படும் எந்தத் தொகையும் வெறும் பேரம்தான்.

2. சட்டம் நிற்கும் இடம்

சட்டம் இதில் வியப்பூட்டும் அளவுக்குக் கறாரானது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவைப் போலவே, 18 வயது கடந்த பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை ஒரே நிலையில்தான் தருகிறது: உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள இயலாதபோது. திடகாத்திரமான 26 வயது மகன் அப்பாவிடம் பைக் கேட்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

மகள் விஷயத்தில் கதவு சற்றே திறந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தன் வருமானத்தில் வாழ முடியாத மணமாகாத மகளைப் பெற்றோர் காப்பாற்ற வேண்டும் என்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை உறுதிசெய்தது. அதே சட்டம் ஜீவனாம்சத்துக்குத் தரும் வரையறையில், மணமாகாத மகளின் நியாயமான திருமணச் செலவும் அடங்கும். ஆக, மகளின் கல்யாணச் செலவுக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. மகனின் வீட்டுக் கடனுக்கு இல்லை. வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நினைக்கிறோம்.

சொத்துக்கும் இதே கதைதான். அப்பா தாமே சம்பாதித்த சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பால் உரிமை எதுவும் கிடையாது. பெற்றோரின் சுயசம்பாத்திய வீட்டில் மகன் வசிப்பது அவர்கள் விருப்பத்தால்தானே தவிர உரிமையால் அல்ல என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. பூர்வீகச் சொத்தின் இலக்கணத்தை அப்பாவின் பி.எஃப். பணத்துக்கும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

3. காத்திருப்பின் செலவு

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் தந்தைக்குச் சொல்லும் கடமை, மகனைக் கற்றோர் நடுவே முன்னிற்கும் தகுதியுள்ளவனாக ஆக்குவது. சொத்துச் சேர்த்து வைப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. புறநானூற்றின் 312-ஆம் பாடல் பெற்றோரோடு கொல்லனுக்கும் வேந்தனுக்கும்கூட மகன்மீது கடமை வகுக்கிறது. பிள்ளையை ஆளாக்குவது ஒரு வீட்டின் தலையில் மட்டும் விழும் சுமையல்ல என்ற எண்ணம் இங்கே பழையது.

படிப்புக்கான செலவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு முடிவுத் தேதி இருக்கிறது. கல்விக் கடன் வாங்கினால் கணக்கும் இருக்கிறது. சிக்கல் படிப்புக்கும் வேலைக்கும் இடைப்பட்ட காத்திருப்பில்தான். 2022-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். குடிமைப்பணித் தேர்வை இதர பிற்படுத்தப்பட்டோர் 35 வயதுவரை 9 முறை எழுதலாம். சென்னை அண்ணாநகரில் அறை வாடகை, மெஸ், பயிற்சிக் கட்டணம், டெஸ்ட் பேட்ச் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஊரில் இருக்கும் அப்பாதான் கட்டுகிறார். ‘இந்த ஒரு அட்டெம்ப்ட் மட்டும்பா’ என்ற வாக்கியம் எத்தனை வீடுகளில் எத்தனை வருடம் ஒலித்திருக்கும்!

இங்கே அரசு செய்த ஒன்று கவனத்துக்குரியது. நான் முதல்வன் திட்டத்தில் 2023 முதல், தேர்வுவைத்து 1,000 பேரைத் தெரிவுசெய்து, குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். தொகை இவ்வளவு, காலம் இவ்வளவு, அடுத்த கட்டத்துக்கு நிபந்தனை இன்னது என்பது தொடக்கத்திலேயே தெரிகிறது. பெற்றோர் தரும் உதவியில் காணாமல் போவது இந்த மூன்றும்தான். மகனிடம் ‘இரண்டு வருடம், மாதம் இவ்வளவு, அதற்குப் பிறகு கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டே எழுது’ என்று முதல் நாளே சொல்லும் அப்பா கல்நெஞ்சர் ஆகிவிடமாட்டார். ஐந்தாம் வருடத்தில், அதுவும் ரிசல்ட் வந்த அன்று, ஆத்திரத்தில் சொல்பவர்தான் அப்படித் தெரிவார்.

4. மகள் கணக்கு, மகன் கணக்கு

கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு, யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று ஊர், பெயர், தொகையோடு நோட்டில் எழுதும் சமூகம் நம்முடையது. 101 ரூபாய்கூட விடுபடுவதில்லை. முப்பது வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டி, செய்தவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்கிறோம். அதே வீட்டில் மகனுக்குக் கடை வைக்கக் கொடுத்த எட்டு லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பங்காளிக்கு எழுதும் கை பிள்ளைக்கு எழுதக் கூசுகிறது.

எழுதாததால் வரும் நட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. மகளுக்குக் கொடுப்பது ஒரே நாளில், ஊரறிய, தட்டில் வைத்து. மகனுக்குக் கொடுப்பது இருபது வருடத்தில், சிறுகச் சிறுக, வீட்டுக்குள். எனவே பாகப்பிரிவினைப் பேச்சு வரும்போது மகள் வாங்கியது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்து நிற்கும் தங்கையிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்: ‘உனக்குத்தான் அப்பவே நாப்பது பவுன் போட்டாச்சே.’ அண்ணனின் என்ஜினீயரிங் சீட்டுக்குக் கொடுத்த பணமும், மாடியில் அவன் பத்து வருடம் வாடகையில்லாமல் குடியிருந்ததும், கடை நொடித்தபோது அடைத்த கடனும் அந்த இடத்தில் யார் வாயிலும் வராது.

அந்த நாற்பது பவுனுக்கு என்ன மதிப்பு என்பதும் தனிக் கேள்வி. 2000-ஆம் ஆண்டில் சவரன் 4,000 ரூபாய்க்கும் கீழே இருந்தது. அன்று நாற்பது சவரன் 1.6 லட்சத்துக்குள் முடிந்திருக்கும். 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் அதே நகை 36 லட்சத்துக்கு மேல். அண்ணன் இன்றைய விலையைச் சொல்கிறான், தங்கை அன்றைய விலையைச் சொல்கிறாள். நகையில் பாதி கணவன் தொழிலுக்காக அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது என்றால் அதை எந்த விலையில் போடுவது? ஆண்டையும் அன்றைய மதிப்பையும் குறித்து வைத்திருந்தால் இந்த வழக்கில் பாதி எழாது. வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1985-இல் வந்த விதிகள், மணமக்களுக்குத் தரும் பரிசுகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் செய்கின்றன. அந்தப் பட்டியலை எழுதிய வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

தமிழ்நாடு 1989-லேயே, மத்திய அரசின் 2005 திருத்தத்துக்கு முன்பே, பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த மாநிலம். சுயசம்பாத்தியச் சொத்திலோ, உயில் எழுதாமல் அப்பா இறந்தால் 1956 முதலே மகளும் சம வாரிசு. ஆனால் அப்பா உயிரோடிருக்கும்போதே கொடுத்து முடிக்கும் பணத்தை இந்தச் சட்டங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. உண்மையான ஏற்றத்தாழ்வு நடப்பது அந்த இடத்தில்தான்.

5. மிச்சத்திலிருந்து தொடங்கும் கணக்கு

பிள்ளையின் தேவையிலிருந்து தொடங்கினால் தொகைக்கு முடிவே இராது. தேவை வளர்ந்துகொண்டே போகும். பெற்றோரின் முதுமையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

தனியார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.எஃப். ஓய்வூதியம் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் கணக்கிடப்படுவதால், அந்த வரம்புக்குள் பணம் கட்டியவர் 35 ஆண்டு உழைத்திருந்தாலும் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டுவது அரிது. கணவனும் மனைவியும் மருந்துச் செலவோடு மாதம் 25,000 ரூபாயில் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், துண்டு விழுவது 17,500. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட உச்சத்தொகையான 30 லட்சத்தை 8.2 சதவீத வட்டியில் போட்டால், காலாண்டுக்கு 61,500, அதாவது மாதம் 20,500 ரூபாய் வரும். துண்டு விழுந்தது போக 3,000 ரூபாய் மிஞ்சுகிறது. விலைவாசி ஏறினால் அதுவும் கரைந்துவிடும்.

இந்தக் குடும்பத்தில் குடியிருக்கும் வீடும் அந்த 30 லட்சமும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய பணமே அல்ல. கையில் 38 லட்சம் இருந்தால் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 லட்சம். அதிலும் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். மகன் கேட்பது அடுக்குமாடி வீட்டுக்கான முன்பணம் 15 லட்சமாக இருக்கலாம். அவன் 35 வயதுக்காரன். இன்னும் 25 வருடம் சம்பாதிப்பான். வங்கி அவனுக்குக் கடன் தரும். அறுபது வயதுக்காரருக்கு முதுமைச் செலவுக்கு அப்படி எளிதாகக் கடன் கிடைப்பதில்லை.

ஜாமீன் கையெழுத்தையும் கொடுத்த பணமாகவே எண்ண வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். ‘சும்மா ஒரு கையெழுத்துதானே’ என்று அழைத்துப்போய்ப் போட வைத்த கையெழுத்தால் வீட்டுப் பத்திரம் வங்கி லாக்கரில் கிடக்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

6. எழுதிக்கொடுத்த பிறகு

கொடுப்பதிலேயே பெரியது வீட்டை எழுதிக்கொடுப்பது. விற்பனைப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை இருக்க, குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. இந்தச் சலுகையைக் காட்டியே ‘இப்பவே எழுதிட்டா செலவு கம்மி’ என்று பேச்சைத் தொடங்குகிறார்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவாகிக் கைமாறிய செட்டில்மென்டை, ரத்து உரிமையைப் பத்திரத்திலேயே தக்கவைத்துக்கொள்ளாதவர் மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திரும்பப் பெற முடியாது.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதில் ஒரு சிறு வழி திறந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாது என அறிவிக்கலாம். நிபந்தனை இருந்தது நிறுவப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறுக்கியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோரைக் காப்பதற்கான சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று ஒரு தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பின் பேரில் எழுதிக்கொடுத்தேன் என்பதிலேயே பராமரிப்பு நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்றது.

இந்தத் தீர்ப்புகளை நம்பி எழுதிக்கொடுப்பதைவிட, ‘எங்கள் இருவரின் ஆயுள்வரை அனுபவ பாத்தியதை எங்களுக்கே’ என்ற வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்வது எளிது. பத்திர எழுத்தருக்கு அது பழக்கமான வரிதான். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் பிள்ளைக்கு வீட்டை எழுதலாமா என்பதை அந்த முகச்சுளிப்பைப் பார்த்தே முடிவுசெய்துகொள்ளலாம். 2007-ஆம் ஆண்டின் அந்தப் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடமிருந்து பெறக்கூடிய பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய் என்பதையும் கையெழுத்துக்கு முன் நினைத்துக்கொள்வது நல்லது.

7. இந்தக் கணக்குக்குள் அடங்காதவர்கள்

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ கடும் மனநோயோ உள்ள பிள்ளைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பெற்றோரின் மிச்சமே பிள்ளையின் வாழ்வு. சட்டமும் இங்கே வயது பார்ப்பதில்லை: அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம் மற்ற மகன்களுக்கு 25 வயதில் நின்றாலும், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள்வரை உண்டு. முழு ஊனமுற்ற பிள்ளைக்கு பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்திலும் அப்படியே. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் சட்டப்பூர்வக் காப்பாளரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கிறது. பல பெற்றோர் இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. ‘தம்பி பார்த்துக்குவான்’ என்று சொத்து முழுவதையும் தம்பி பெயருக்கு எழுதிவிடுகிறார்கள். காப்பாளர் யார், ஓய்வூதிய ஆவணத்தில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா, மருத்துவச் சான்று நடப்பில் உள்ளதா என்ற மூன்றையும் பெற்றோர் ஓய்வுபெறும் முன்பே முடித்துவிட வேண்டும். அவர்கள் காலத்துக்குப் பிறகு இந்தத் தாள்களோடு அலுவலகப் படியேறப் போவது அந்தத் தம்பிதான், அவனுக்கு மனமிருந்தால்.